ஆட்கள் மாறியும் அதே குழுவா? போரோடின் குவார்ட்டெட்டின் 80 ஆண்டுகள்

கேள்வி இதுதான்: மாஸ்கோவில் 1945-ல் தொடங்கிய போரோடின் குவார்ட்டெட் என்ற நால்வர் இசைக்குழு இன்றும் மேடையேறுகிறது. தொடங்கியவர்களில் ஒருவர்கூட இப்போது அதில் இல்லை. அப்புறம் எப்படி அதை அதே குழு என்கிறார்கள், பெயர் மட்டும்தானே மிச்சம்? அவர்கள் வாசித்ததைப் புதிதாகக் கேட்க வருபவர் எங்கே தொடங்கலாம்?

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இந்தக் குழுவைச் செல்லோவின் பக்கமிருந்து கேளுங்கள். முதல் வயலினைப் பின்தொடர்ந்து கேட்டால் இது மூன்று நான்கு தனித்தனிக் குழுக்களாகத் தெரியும். அடியில் ஓடும் செல்லோவைப் பிடித்துக்கொண்டு கேட்டால் 62 வருடம் அறுபடாத ஒரே குரல் கேட்கும். அந்தக் குரல் எந்தெந்தப் படைப்புகளைச் சுமந்தது என்பதுதான் இவர்களின் வரலாறு.

ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்பது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நடத்துநர் கிடையாது. சினிமாப் பாட்டில் கேட்கும் வயலின் கூட்டத்தில் ஒரே வரியைப் பலர் சேர்ந்து வாசிப்பார்கள். இங்கே ஒரு வரிக்கு ஒருவர்தான், ஒளிந்துகொள்ள இடமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைடன் இந்த அமைப்புக்கு ஒரு நிலையான வடிவம் கொடுத்தார். அதன்பிறகு தங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானதை எழுத இசையமைப்பாளர்கள் திரும்பத் திரும்ப இதைத்தான் தேடி வந்தார்கள்.

மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் மிகயீல் தேரியன் நடத்திய சேம்பர் மியூசிக் (சிறு குழு இசை) வகுப்பில்தான் இந்தக் குழு பிறந்தது. முதல் வயலின் ரோஸ்டிஸ்லாவ் துபின்ஸ்கி, வியோலா ருடால்ஃப் பர்ஷாய். செல்லோவில் முதலில் உட்கார்ந்தவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ம்ஸ்டிஸ்லாவ் ரோஸ்ட்ரோபோவிச். சில வாரங்களிலேயே அவர் விலகிவிட, அந்த நாற்காலிக்கு வந்தவர் வாலென்டின் பெர்லின்ஸ்கி. இர்குட்ஸ்கில் பிறந்தவர், அப்போது வயது 20. அதே நாற்காலியில் 2007 வரை இருந்தார். 2008 டிசம்பரில் இறந்தார். ஆரம்பத்தில் மாஸ்கோ பில்ஹார்மோனிக் குவார்ட்டெட் என்று அறியப்பட்ட குழு 1955-ல்தான் ரஷ்ய இசையமைப்பாளர் போரோடினின் பெயரைப் பெற்றது.

ஸ்டாலினும் செர்கேய் புரோகோஃபியேவும் 1953 மார்ச் 5 அன்று, ஒரே நாளில் இறந்தார்கள். இருவரின் இறுதி அஞ்சலியிலும் இந்தக் குழு வாசித்தது. நாடே ஒரு சவப்பெட்டியின் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், நாட்டின் மிகப் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவரின் சாவு ஏறக்குறைய யாருக்கும் தெரியாமலே நடந்து முடிந்தது. அந்த இரண்டு இடத்திலும் வாசித்த கைகள்தான் பிற்பாடு சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சை வாசித்தன. அவர்களின் வாசிப்பில் கேட்கும் இறுக்கத்துக்கு நான் வேறு விளக்கம் தேடுவதில்லை.

இனி ஆள் மாறிய கணக்கு. 1953-ல் பர்ஷாய் போய் டிமிட்ரி ஷெபாலின் வியோலாவுக்கு வந்தார். 1996 வரை 43 வருடம் இருந்தார். எழுபதுகளின் நடுவில் இரண்டு வயலின்களும் மாறின. 1974-ல் இரண்டாம் வயலினுக்கு ஆந்த்ரேய் அப்ரமென்கோவ் வந்தார். 1976-ல் துபின்ஸ்கி சோவியத் நாட்டைவிட்டே வெளியேறினார், அவர் இடத்துக்கு மிகயீல் கோபெல்மன் வந்தார். அடுத்த பெரிய மாற்றம் 1996-ல்: கோபெல்மனும் ஷெபாலினும் போனார்கள், ரூபன் அஹரோனியனும் இகோர் நைடினும் வந்தார்கள். 2007-ல் பெர்லின்ஸ்கியின் இடத்துக்கு அவருடைய மாணவர் விளாடிமிர் பல்ஷின். 2011-ல் அப்ரமென்கோவுக்குப் பிறகு செர்கேய் லொமோவ்ஸ்கி. இப்போது முதல் வயலினில் நிகோலாய் சாச்சென்கோ.

பெயர்களை மறந்துவிடலாம், வரிசையைக் கவனியுங்கள். எந்தக் கட்டத்திலும் நால்வரும் சேர்ந்து மாறவே இல்லை. மேலே இரண்டு வயலினும் மாறியபோது கீழே ஷெபாலினும் பெர்லின்ஸ்கியும் இருந்தார்கள். 1996-ல் அப்ரமென்கோவும் பெர்லின்ஸ்கியும் இருந்தார்கள். 2007-ல் பெர்லின்ஸ்கியே போனபோது அவரோடு பத்து வருடத்துக்கு மேல் வாசித்த மூன்று பேர் இருந்தார்கள். புதிதாக வந்தவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு பேச்சுக்குள் நுழைந்தார். புதிதாக ஒன்றைத் தொடங்கவில்லை.

எல்லாக் குழுவும் இப்படி நினைத்ததில்லை. லண்டனின் அமடேயஸ் குவார்ட்டெட் 1948-ல் அந்தப் பெயரில் முதல் கச்சேரி செய்தது. 1987-ல் அவர்களின் வியோலாக்காரர் பீட்டர் ஷிட்லோஃப் இறந்ததும் மற்ற மூவரும் வேறு ஆளைத் தேடாமல் குழுவையே கலைத்துவிட்டார்கள். ஏறக்குறைய 40 வருடம், அதே நான்கு பேர், அவ்வளவுதான். அதுவும் மரியாதைக்குரிய முடிவு. ஆனால் அமடேயஸ் நான்கு மனிதர்களின் நட்பு. போரோடின் குழு ஒரு வாசிப்பு முறை. மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற ஒரே பள்ளியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால், வில்லை எப்படிப் பிடிப்பது, ஒரு ஸ்வரத்தை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்பதில் ஆரம்பத்திலேயே ஒற்றுமை இருந்தது. அது இல்லாமல் இந்தத் தொடர்ச்சி நடந்திருக்காது.

செல்லோ ஏன் இவ்வளவு முக்கியம்? சுருதிக்காக. வயலினின் கம்பிகள் ஜி, டி, ஏ, இ. வியோலாவிலும் செல்லோவிலும் சி, ஜி, டி, ஏ. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு இடையே இருப்பது நம் கணக்கில் ச–ப. ஏ கம்பியிலிருந்து இந்த ச–ப-வைச் சுத்தமாகச் சேர்த்துக்கொண்டே கீழே சி வரை இறங்கினால் ஒரு சிக்கல் வரும். அந்த சி-யை ஸட்ஜமாக வைத்தால் வயலினின் இ அதற்கு அந்தர காந்தாரம் ஆக வேண்டும். ஆனால் அந்தக் காந்தாரம் தூக்கலாக நிற்கும், காதில் உறுத்தும். அதனால் பல குவார்ட்டெட்டுகள் ச–ப இடைவெளியைக் கொஞ்சம் குறுக்கி, சி கம்பியை இம்மி மேலே ஏற்றி வைத்துக்கொள்கின்றன. எவ்வளவு குறுக்குவது என்பது ஒவ்வொரு குழுவின் தனித்தன்மை. அது எழுத்தில் இல்லை, காதில்தான் இருக்கிறது.

கம்பியைச் சேர்த்துவிட்டால் வேலை முடிவதில்லை. கச்சேரியில் தம்புரா ஒரே ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், பாடுபவர் எங்கே போனாலும் திரும்பி வர ஓர் இடம் உண்டு. குவார்ட்டெட்டில் அந்த அடிப்படை நொடிக்கு நொடி நகர்கிறது, பெரும்பாலும் அதை நகர்த்துவது செல்லோ. அது எந்த ஸ்வரத்தை எந்த இடத்தில் வைக்கிறதோ, மற்ற மூன்று பேரும் அதற்கேற்பத் தங்கள் விரலை மயிரிழை தள்ளி வைக்க வேண்டும். துபின்ஸ்கி, கோபெல்மன், அஹரோனியன் என்ற மூன்று முதல் வயலின்காரர்கள் பெர்லின்ஸ்கியின் அடித்தளத்தின் மேல்தான் தங்கள் சுருதியைக் கட்டினார்கள். 1960-களின் பதிவையும் 1980-களின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், மேல் குரல் வேறாக இருந்தும் நான்கு பேரும் ஒரே ஸ்வரக்கூட்டில் வந்து நிற்கும்போது எழும் நாதம் ஒரே குடும்பமாகத் தெரிவது இதனால்தான்.

சரி, எதைக் கேட்பது? அலெக்சாண்டர் போரோடினின் இரண்டாவது குவார்ட்டெட்டிலிருந்தே தொடங்கலாம். எழுதியது 1881-ல். போரோடினுக்குத் தொழில் வேதியியல். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருத்துவக் கல்விக்கழகத்தில் பேராசிரியர், ஆல்டிஹைடுகளைப் பற்றி ஆராய்ந்தவர், பெண்களுக்கான மருத்துவப் படிப்பைத் தொடங்கப் பாடுபட்டவர்களில் ஒருவர். கிடைத்த நேரத்தில் இசை எழுதினார். இந்தக் குவார்ட்டெட்டைத் தன் மனைவி எகாதெரினாவுக்கு அர்ப்பணித்தார். மூன்றாம் பகுதியான நாக்டர்ன் தனியாகவே பிரபலம். அதில் செல்லோ தன் மேல்ஸ்தாயியில் ஒரு நீண்ட மெட்டைப் பாடி முடித்ததும் முதல் வயலின் அதே மெட்டை வாங்கிக்கொள்கிறது. போரோடின் செல்லோ வாசிப்பவர் என்பதால், அந்தச் செல்லோ அவரே என்று பலர் கேட்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. அந்தப் பகுதியைக் கேட்டுவிட்டு முதல் பகுதிக்குப் போங்கள், அதையும் தொடங்கிவைப்பது செல்லோதான்.

அடுத்தது சைகோவ்ஸ்கியின் முதல் குவார்ட்டெட், 1871. இதன் இரண்டாம் பகுதியான ஆந்தான்தே கந்தாபிலே ஒரு நாட்டுப்புற மெட்டின் மேல் கட்டப்பட்டது. இதைக் கேட்டு டால்ஸ்டாய் கண்ணீர்விட்டதைச் சைகோவ்ஸ்கி தன் நாட்குறிப்பில் பெருமையோடு நினைவுகூர்கிறார். இந்தப் பகுதியை மிட்டாய்போல் வாசித்துக் கெடுப்பவர்கள் அதிகம். போரோடின் குழு இதைச் சொந்த வீட்டுப் பாட்டாக, குரலை உயர்த்தாமல் வாசிக்கிறது. சைகோவ்ஸ்கியில் இவர்களை மிஞ்ச இன்னும் ஆள் வரவில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

இந்த இரண்டும் டி மேஜர் என்ற ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஜி, டி, ஏ, இ என்ற வயலினின் நான்கு திறந்த கம்பிகளும் டி மேஜர் ஸ்வரங்களுக்குள்ளேயே வருகின்றன. ஒரு கம்பியில் வாசிக்கும்போது தொடாத கம்பிகளும் சேர்ந்து அதிர்கின்றன, மரம் முழுவதும் ஒலிக்கிறது. இனி சைகோவ்ஸ்கியின் மூன்றாவது குவார்ட்டெட்டைப் போடுங்கள். அது ஈ ஃபிளாட் மைனர். அந்த ஸ்கேலின் இயல்பான ஸ்வரங்களில் ஒன்றுகூடத் திறந்த கம்பியில் இல்லை. எல்லாமே விரல் வைத்து அடக்கிய ஸ்வரங்கள், கூட அதிர எதுவும் இல்லை. சைகோவ்ஸ்கியின் முதல் இரண்டு குவார்ட்டெட்டுகளின் அரங்கேற்றத்தில் முதல் வயலின் வாசித்த ஃபெர்டினாண்ட் லாப் 1875-ல் இறந்தபோது அவர் நினைவாக 1876-ல் எழுதப்பட்டது இது. மூன்றாம் பகுதி சாவுக்கான இசை. வாத்தியங்களின் மேல் ம்யூட் மாட்டி வாசிக்கிறார்கள். ஏற்கெனவே மங்கிய நாதம் இன்னும் மங்குகிறது. சைகோவ்ஸ்கி என்றால் பாலே மெட்டு என்று நினைப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய பகுதி.

இந்த ஈ ஃபிளாட் மைனரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ஷோஸ்டகோவிச்சுக்கு வருவோம். முதலில் ஒரு தவறான செய்தியைத் திருத்திவிடலாம். அவருடைய 15 குவார்ட்டெட்டுகளும் போரோடின் குழுவுக்காக எழுதப்பட்டவை என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி இல்லை. இரண்டாவது முதல் பதினான்காவது வரை அரங்கேற்றியது மாஸ்கோவின் பீத்தோவன் குவார்ட்டெட் என்ற மூத்த குழு. 11-லிருந்து 14 வரை நான்கும் அந்தக் குழுவின் நான்கு பேருக்குத் தனித்தனியாக அர்ப்பணிக்கப்பட்டவை: இரண்டாம் வயலின், முதல் வயலின், வியோலா, செல்லோ என்ற வரிசையில். முதல் குவார்ட்டெட்டையும் கடைசிக் குவார்ட்டெட்டையும் லெனின்கிராட் குழுக்கள் அரங்கேற்றின. பதினைந்தாவதுக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்த 1974 அக்டோபரில் பீத்தோவன் குழுவின் செல்லோக்காரர் செர்கேய் ஷிரின்ஸ்கி இறந்துபோனதால் அது தனேயெவ் குவார்ட்டெட்டுக்குப் போனது.

அரங்கேற்றிய பெருமை இவர்களுக்கு இல்லை. ஆனால் இந்த இசையை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இவர்கள். 1960-களில் தொடங்கி, அன்றைக்கு இருந்த 13 குவார்ட்டெட்டுகளையும் பதிவு செய்தார்கள். பிறகு கோபெல்மன் வந்ததும் பதினைந்தையும் மறுபடி பதிவு செய்தார்கள். அண்மைய குழு டெக்கா நிறுவனத்துக்காக மூன்றாவது முறை வாசித்தது. இசையமைப்பாளர் வீட்டில் எட்டாவது குவார்ட்டெட்டை வாசித்துக் காட்டிவிட்டு அவர் ஏதாவது குறை சொல்வார் என்று காத்திருந்ததாகவும், அவர் கைகளில் முகம் புதைத்து அழுததாகவும் ஒரு கதை இந்தக் குழுவைப் பற்றி நெடுநாளாகச் சொல்லப்படுகிறது.

எட்டாவதில் அழுவதற்குக் காரணம் இருக்கிறது. 1960 ஜூலையில், டிரெஸ்டனுக்கு அருகே கோரிஷ் என்ற ஊரில் ஒரு போர்ப் படத்துக்கு இசை எழுதப் போன இடத்தில், 12-ஆம் தேதி தொடங்கி 14-ஆம் தேதிக்குள் இதை எழுதி முடித்தார். கம்யூனிஸ்ட் கட்சியில் சேரச் சொல்லி அவரை நெருக்கிய வருடம் அது. மேலே ‘பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களின் நினைவுக்கு’ என்ற அர்ப்பணிப்பு. ஆனால் நண்பர் ஐசக் கிளிக்மனுக்கு எழுதிய கடிதத்தில், தான் செத்தபிறகு தன் நினைவாக யாரும் குவார்ட்டெட் எழுதப்போவதில்லை, அதனால் தானே எழுதிவிட்டதாகச் சொல்கிறார். தன் பெயரின் எழுத்துகளை ஜெர்மன் முறைப்படி ஸ்வரங்களாக்கி (டி, ஈ ஃபிளாட், சி, பி) அந்த நான்கு ஸ்வரங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடவிடுகிறார். முதலில் அதை வாசிப்பது செல்லோ. தன் முதல் சிம்பொனி, இரண்டாவது பியானோ ட்ரியோ, செல்லோ கான்செர்ட்டோ, ஸ்டாலின் காலத்தில் தடைக்குள்ளான தன் ஆபரா என்று பழைய படைப்புகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. நான்காம் பகுதியில் மூன்று முரட்டு அடி திரும்பத் திரும்ப விழுகிறது. கதவைத் தட்டும் சத்தமா, குண்டுவீச்சா என்று இன்றைக்கும் வாதம் ஓய்ந்தபாடில்லை.

இங்கே போரோடின் குழு செய்வது மிகச் சின்ன விஷயம்: விப்ராட்டோவை நிறுத்திவிடுகிறார்கள். மேற்கத்திய வயலின் வாசிப்பில் இடது கை விரலை ஆட்டிக்கொண்டே இருப்பது வழக்கம், அதிலிருந்துதான் அந்த இதமான நடுக்கம் வருகிறது. அதை எடுத்துவிட்டால் ஸ்வரம் வெளிறி, அசையாமல் நிற்கும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் அப்படி வாசிக்கும்போது சுருதியில் இம்மி பிசகினாலும் தெரிந்துவிடும். முன்னே சொன்ன சுருதிக் கணக்குக்கெல்லாம் பலன் இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. எட்டாவது குவார்ட்டெட்டைப் பர்ஷாய், அதாவது இதே குழுவின் முதல் வியோலாக்காரர், பிற்பாடு சிறிய இசைக்குழுவுக்கு மாற்றி அமைத்தார். ‘சேம்பர் சிம்பொனி’ என்று அது பரவலாக வாசிக்கப்படுகிறது. நல்ல வேலைதான். ஆனால் ஒரு வரியைப் பத்துப் பேர் வாசித்தால் அந்த வெறுமை போய்விடுகிறது. நான்கு பேர் வாசிப்பதையே முதலில் கேளுங்கள்.

பதின்மூன்றாவது வியோலாவுக்கானது. நிறுத்தமே இல்லாத ஒரே பகுதி. வாசிப்பவர்கள் இடையிடையே வில்லின் குச்சியால் வாத்தியத்தின் உடலையே தட்டுகிறார்கள். ஷெபாலின் இதை வாசிப்பதைக் கேட்டால், வியோலா என்பது வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவே இடத்தை நிரப்பும் வாத்தியம் என்ற எண்ணம் அடியோடு போய்விடும்.

பிறகு பதினைந்தாவது. இதுவும் ஈ ஃபிளாட் மைனர். சைகோவ்ஸ்கி நண்பரின் சாவுக்குத் தேர்ந்தெடுத்த அதே அடைத்த நாதத்தை, ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, இறப்பதற்கு முந்தைய வருடம் ஷோஸ்டகோவிச் எடுத்துக்கொண்டார். ஆறு பகுதிகள், ஆறும் அடாஜியோ என்ற மெதுநடை, இடையில் நிறுத்தம் இல்லை. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் ஒருவர் ஒரே ஒரு ஸ்வரத்தைக் கேட்கக்கூட முடியாத மென்மையில் எடுத்து அலறல்வரை கொண்டுபோகிறார். அது உச்சத்தில் அறுபட்டதும் அடுத்தவர் வேறொரு ஸ்வரத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறார். இப்படியே பன்னிரண்டு ஸ்வரம். மெட்டு இல்லை, கூட வாசிப்பவர் இல்லை. நால்வரும் வில்லை ஒரே மாதிரி அழுத்தத் தெரிந்தவர்களாக இருந்தால்தான் அது ஒரே கத்தி நான்கு கை மாறுவதாகக் கேட்கும். ஒரு குழுவின் ஒற்றுமையைச் சோதிக்க இதைவிடக் கடினமான ஒரு நிமிடம் எனக்குத் தெரியாது.

ரஷ்ய இசை மட்டும்தானா என்றால், இல்லை. பீத்தோவனின் குவார்ட்டெட்டுகள் முழுவதையும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சாந்தோஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள், பெர்லின்ஸ்கி இருக்கும்போதே. பீத்தோவனுக்கே ரஷ்யத் தொடர்பு உண்டு. ஓபஸ் 59-ன் (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) மூன்று குவார்ட்டெட்டுகளை எழுதச் சொன்னவர் வியன்னாவில் ரஷ்யத் தூதராக இருந்த ரசுமோவ்ஸ்கி. கடைசிக் காலக் குவார்ட்டெட்டுகளில் மூன்றைக் கேட்டு வாங்கியவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் இளவரசர் நிகோலாய் கலீட்சின். ரசுமோவ்ஸ்கி வரிசையின் முதலாவது குவார்ட்டெட்டில் நான்கு பகுதிகளில் மூன்றைச் செல்லோ தொடங்கிவைக்கிறது: முதலாவதில் முழு மெட்டு, இரண்டாவதில் ஒரே ஸ்வரத்தில் வெறும் தாளம், நான்காவதில் ரஷ்ய நாட்டுப்புற மெட்டு. பெர்லின்ஸ்கி இதை வாசித்தபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வேகத்தில் இளைய குழுக்கள் முந்தலாம். அந்த முதல் மெட்டை அவசரமே இல்லாமல் நடக்கவிடும் துணிவு அவர்களிடம் குறைவு. ஆனால் பீத்தோவனின் கடைசிக் குவார்ட்டெட்டுகளுக்கு, அதிலும் ஏழு பகுதிகள் நிற்காமல் ஓடும் ஓபஸ் 131-க்கு, இவர்களை மட்டும் நம்ப வேண்டாம். அதில் இவர்கள் சற்று அடக்கி வாசிப்பதாகவே எனக்குப் படுகிறது.

பியானோ கலைஞர் ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டரோடு பல வருடம் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். ஷோஸ்டகோவிச்சின் 1940 பியானோ குவின்டெட்டை அவரோடு வாசித்த 1983 மாஸ்கோ கச்சேரிப் பதிவு கிடைக்கிறது. ரிக்டர் முன்னே பாயாமல் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்திருப்பது அதில் காதுக்கே தெரியும்.

பதிவுகளில் எதை எடுப்பது என்பதற்கு என் யோசனை: ஷோஸ்டகோவிச்சின் முதல் பதின்மூன்றுக்குத் துபின்ஸ்கி காலத்துப் பதிவு. அதில் கூர்மை அதிகம், ஈரம் குறைவு, பயம் இன்னும் பக்கத்தில் இருந்த காலத்தின் வாசிப்பு. 14-க்கும் 15-க்கும் கோபெல்மன் காலத்துப் பதிவுக்குப் போக வேண்டும், நாதம் அகன்று ஆழமாகியிருக்கும். போரோடினின் இரண்டாவதுக்கும் கோபெல்மன் பதிவையே எடுங்கள். எட்டாவதை மட்டும் மூன்று தலைமுறையிலும் கேளுங்கள். ஒரே நாளில் மூன்றையும் போடாதீர்கள், நடுவில் சில நாள் இடைவெளி விடுங்கள். டெக்கா பதிவில் செல்லோ பல்ஷினுடையது. தொடக்கத்து நான்கு ஸ்வரத்தில் அவர் வில் வைக்கும் விதத்தைப் பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இது அதே குழுவா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.